நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரம்

ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் நான் வழக்கமாகச் செல்லும் புத்தகக் கடையை நடத்துபவர் ஒரு கறுப்பினப் பெண். கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களே அங்கு மிகுதி. அவருடைய மேசைக்குப் பின்னாலுள்ள புத்தகத் தட்டு மட்டும் விற்பனைக்கு உரியதன்று. அமெரிக்காவில் சில பள்ளி நூலகங்கள் புகார்களுக்குப் பணிந்து அகற்றிய நூல்கள் அதில் இருக்கின்றன. அங்கே வாழும் அவருடைய தங்கை சேகரித்து அனுப்பியவை. அவற்றைக் கடையிலேயே அமர்ந்து வாசிக்க வேண்டும்.

இலக்கிய மாணவியாகிய நான் ஒரு குளிர்காலம் முழுவதும் அவற்றுள் ஒரு நாவலை வாசித்தேன். அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், கதையில் வரும் தாய் மகளின் தலைமுடியைக் குறைசொல்லும் இடத்தருகே, யாரோ பென்சிலால் ஆங்கிலத்தில், உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘என் அம்மாவும் இதையேதான் சொல்கிறாள். ஆனால் எனக்கு என் முடி பிடிக்கும்.’

எழுதியது ஒரு சிறுமி என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன். நான் படித்த பள்ளியின் நூலகத்தில் என்னைப் போன்ற தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வரும் கதை ஒன்றுகூட இருந்ததில்லை. நாவலை முடித்த பின்னும் அந்தப் பக்கத்துக்காகவே கடைக்குப் போனேன்.

ஆய்வுக் கட்டுரைக்காக வார இறுதியில் அந்நூலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டபோது, கடைக்காரர் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஜேர்மன் மொழியில், “திங்கட்கிழமை இது இங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் வீட்டுக்கே வந்து சாப்பாட்டுக்கும் உட்கார்ந்துவிடுவேன்” என்று மிரட்டினார்.

ஞாயிறு மாலை நான் வெளியே போய்த் திரும்பியபோது, நூலுக்குத் தமிழ்க்கடை நாட்காட்டியின் தாளால் உறை போட்டிருந்தது. அருகில் அம்மா, கையில் அழிறப்பருடன்.

“இரவல் சாமான், பிள்ளை. வாங்கினதை விட வடிவாத்தான் திருப்பிக் குடுக்கோணும். உள்ளுக்கு ஆரோ கிறுக்கி வைச்சிருந்தது. நல்லா அழிச்சுப்போட்டன்.”

“அதை ஏனம்மா தொட்டனீங்கள்?”

“ஏன் கத்துறாய்? நீதான் கிறுக்கினனி எண்டு அந்த மனுசி நினைச்சால் எங்களுக்கெல்லோ வெக்கம்!”

நான் கத்தவில்லை. எங்கள் வீட்டில் நான் கேள்வி கேட்பதே கத்துவதற்குச் சமம். அந்த வரியை எழுதிய பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்த சிறிதளவைச் சொன்னேன். அம்மா மேசையிலிருந்த அழிறப்பர் துகள்களைக் கையால் ஒதுக்கினார்.

“அந்தப் பிள்ளை இப்ப எங்கை?”

“தெரியாதம்மா.”

“எனக்கு ஆர் இதெல்லாம் சொன்னது...” என்றவர், துகள்களைக் குப்பையில் போடாமல் நின்றார்.

திங்கட்கிழமை கடைக்குப் போய், கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். இனி அந்தத் தட்டின் பக்கம் வரவேண்டாம் என்பார் என்றே எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து விரலால் தடவினார்.

“உங்கள் அம்மாவுக்கு வேலையைப் பாதியில் விடும் பழக்கம் இல்லை போல.”

பிறகு ஒரு பென்சிலை நீட்டினார். “உங்களுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. எழுதுங்கள்.”

வாங்கினேன். முதல் எழுத்தை வைக்கும் இடம்கூடத் தெரிந்திருந்தது. ஆனால் என் எழுத்து சாய்வானது, இறுக்கமானது. அது அவளுடையதாக ஆகாது. பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வற்புறுத்தவில்லை, நூலை உறையோடு தட்டில் வைத்தார்.

இப்போது அவளுக்கும் என் வயது இருக்கலாம். என்றாவது எதிரே அமர்ந்து, அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு சொல் பிசகாமல் அவளிடமே சொல்லிக்காட்ட வேண்டும் போலிருக்கிறது.