சர்ஜுக்குப் பாடு போட்ட ஊர்

எங்கள் குப்பத்தின் மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. அப்போது நான் பொன்னேரியில் குடியிருந்து, பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் வயரிங் வேலை பார்த்தேன். என் பிழைப்பில் முக்கால்வாசி அங்கேதான். ஊரில் என் அப்பா, நைனா, மட்டும் தனியாக இருந்தார். ஏரியில் இறால் பிடிப்பவர்.

இறால் வைக்க ஊரார் சேர்ந்து ஒரு ஐஸ் ரூம் கட்டினார்கள். மெயின் போர்டு முதல் எர்த் குழி வரை எல்லாம் என் வேலை. ஐப்பசியில் எங்கள் கரையில் இடி விடாமல் அடிக்கும் என்பதால் போர்டில் ஒரு சர்ஜ் மாட்டினேன். அதில் அடிப்பெட்டி ஒன்று, அதற்குள் செருகும் கட்டை ஒன்று. சாதாரண கரண்டில் கட்டை சும்மா கிடக்கும். எங்கோ இடி விழுந்து கம்பியில் அழுத்தம் எகிறினால், அந்தக் கணமே வழிவிட்டு அதை எர்த்துக்குத் தள்ளும், அடங்கியதும் மூடிக்கொள்ளும். வாங்குகிற ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். செத்துவிட்டால் அதன் சின்ன ஜன்னலில் பச்சை போய்ச் சிவப்பு வரும். இவ்வளவுதான் விஷயம். ஊரார் அதற்கு 'சின்ன இடிதாங்கி' என்று பெயர் வைத்தார்கள். கூரையில் நிற்கும் இடிதாங்கி வேறு, இது வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பழைய போர்டுகளிலிருந்து கிடைத்த மூன்று அடிப்பெட்டிகளைக் கோயில் மைக் ரூமிலும், ஊர்த் தலைவர் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் மாட்டி வைத்தேன். கட்டைகள் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். ஐஸ் ரூம் வயரிங்கை, கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெகர் வைத்துச் சோதித்தபோது கட்டையை உருவினேன். அது உள்ளே இருந்தால் நல்ல வயரையும் மெகர் கெட்டது என்று காட்டும். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இதைக் கழற்றலாமா என்று கேட்டார். கரண்ட் ஓடும்போதே கழற்றலாம், மாட்டலாம் என்று பெருமையடித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் ஏரிக்குப் பாடு உண்டு. எந்த நாளில் யார், எந்த இடத்தில் வலை வைப்பது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பதுதான் பாடு. டச்சுக்காரன் காலத்திலேயே இருந்தது என்று பீற்றிக்கொள்வார்கள். அடுத்தவர் பாட்டில் வலை வைத்தவனுக்கு ஒரு வருடம் ஏரி கிடையாது. இப்படிப் பழகிய ஊர் கட்டையை மட்டும் விடுமா? எனக்குத் தெரியாமல் அதற்கும் பாடு போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் ஐஸ் ரூம், ஒரு வாரம் கோயில், ஒரு வாரம் தலைவர் வீடு, ஒரு வாரம் எங்கள் வீடு. ஞாயிறு காலையில் கைமாற்ற வேண்டும். இடிக்கும் சீட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டதாக நினைப்பு.

ஒரு ஞாயிறு சாயங்காலம் இடி இறங்கியது. ஐஸ் ரூம் போர்டு கருகியது, கம்ப்ரசர் செத்தது, ஊர் இறால் முழுக்க நாறியது. நான் மட்டமான சாமான் வைத்து ஏமாற்றிவிட்டேனாம். ஏரியைச் சுற்றி எந்தக் குப்பமும் இனி என்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பப் போகிறார்களாம். பதில் இருந்தால் செவ்வாய்க்கிழமை வந்து சொல்லச் சொன்னார்கள்.

போனேன். கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது, நைனாவும் ஓரமாக இருந்தார். எல்லோரையும் எழுப்பி ஐஸ் ரூமுக்கு இழுத்துப் போனேன். எர்த்தை அளந்தேன், சரியாக இருந்தது. கட்டையை உருவி டெஸ்டரில் வைத்தேன். எத்தனை வோல்டில் வழிவிடுகிறது என்று அது காட்டும். மாட்டிய அன்று கட்டையில் நான் எழுதி ஒட்டிய எண்ணே வந்தது, ஜன்னலும் பச்சை. அப்புறம் அடிப்பெட்டிக்குள் விரலை விட்டு எடுத்தேன். விரலெல்லாம் புகைக்கரி. கட்டை மூடியிருக்க வேண்டிய குழிக்குள் கரி, கட்டையிலோ ஒரு பொட்டுக்கூட இல்லை. போர்டு எரிந்தபோது கட்டை அதில் இல்லை என்று விரலைத் தலைவர் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னேன்.

அப்போதுதான் கட்டைக்குப் பாடு போட்ட விவகாரம் வெளியே வந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். தலைவர் அசரவில்லை.

"பாடு போட்டது தப்புனே வெச்சுக்க. ஆனா ஞாயித்துக்கெயம காலீல இருந்து ஐஸ் ரூம் பாடு. கட்ட இங்கதான் இருக்கணும். அதுக்கு முன்ன யாரு வூட்ல இருந்துச்சுனு உனுக்குத் தெரியுமா?"

நைனா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. யார் வீடாக இருந்தாலும் சொல்லுங்கள், அவனைத்தான் கேட்க வேண்டும் என்று கத்தினேன்.

"நம்ம வூட்லதான்" என்றார் நைனா. "மய வர மாரி இருந்துச்சு. நாளிக்கு வெக்கலாம்னு வுட்டுட்டேன். இடி நின்னப்புறம் ஓடியாந்து சொருவுனேன்."

அந்த ஞாயிறு சாயங்காலம் அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவி நான் வாங்கிக் கொடுத்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

தலைவருக்கு அது போதும். கட்டைக்குப் பாடு போட்ட கிறுக்குத்தனத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அடுத்தவர் பாட்டைத் தாண்டியவர் என்று நைனாவுக்கு ஒரு வருடம் ஏரி இல்லை என்று தீர்ந்தது. என் மேல் குற்றம் இல்லை, புது போர்டும் நானே மாட்டலாம் என்றார்கள். அவர்கள் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் வேலையை ஒப்புக்கொண்டேன்.

கரையில் நைனா வலையை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

"என் பொயப்பு போவுதுனு தெரிஞ்சும் ரெண்டு நாளா வாயத் தொறக்கலியே நைனா."

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ எங்க போனாலும் பொயச்சுக்குவ. எனக்கு இந்த ஏரிய வுட்டா இன்னாடா கீது? அதான் உன்ன வுட்டுக் குடுத்துட்டுக் கம்முனு குந்தினு இருந்தேன்."