சேறு என்று சொன்னவர்

தூண்டில் இறங்கும்போதெல்லாம் ஆஸ்லாக் அதனோடு பேசிக்கொண்டே இருப்பார். "கானாங்கெளுத்தி தாண்டியாச்சு. இனிமே வெளிச்சம் கெடையாது. இதோ, விளக்கு மீனுங்க. போ, போ, வழி விடுவாங்க." கயிறு தளர்ந்ததும் வாயை மூடிக்கொள்வார். அடியில் பவளப்பாறை, அங்கே சத்தம் கூடாது என்பது அவர் எண்ணம்.

அந்த இருட்டிலிருந்து மேலே வரும் சிவப்பு மீனுக்கு, நீரின் அழுத்தம் குறைவதால் கண்கள் பிதுங்கிவிடும். திரும்ப விட்டாலும் பிழைக்காது. கத்தியை எடுப்பதற்கு முன் ஆஸ்லாக் அதன் கண்களை உள்ளங்கையால் மூடுவார்.

"சாகப்போறதுக்கு என்ன வெக்கம்?" என்று, இதைக் கேட்டால் வீட்டில் மனைவி குட்வெய்க் கேலி செய்வார்.

"அதுக்கு இல்லடி. அது வெளிச்சமே பாத்ததில்ல."

நார்வேயின் மேற்குக் கரைத் தீவுகளில் மீன் கிடைக்கும் இடத்துக்குக் குறி உண்டு. தேவாலயக் கோபுரம் எந்த மலைப் பிளவுக்கு நேரே வருகிறது, கலங்கரை விளக்கம் எந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே குறி. தகப்பன் மகன்களுக்கு மட்டும் சொல்வது. இந்தப் பவளப்பாறையின் குறி ஆஸ்லாக்குக்கும் அண்ணன் ஹால்வார்டுக்கும் மட்டுமே தெரியும். படகின் இடங்காட்டும் கருவியில்கூட அவர்கள் அதைப் பதியவில்லை. வேறு படகு தென்பட்டால் கயிற்றைச் சுருட்டிவிட்டு, காப்பி குடிக்க நின்றவர்களைப்போல் நிற்பார்கள்.

தரையை வழித்துப்போகும் இழுவலையிலிருந்து பவளத்தைக் காக்க அரசு வரைபடம் தயாரித்தபோது, எங்கெல்லாம் பவளம் இருக்கிறது என்று மீனவர் மன்றத்தில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள்.

"அங்க என்ன இருக்கு? வெறும் சேறு," என்றார் ஹால்வார்ட், தங்கள் குறி இருந்த இடத்தைப் பற்றி.

"சேறுதான்," என்றார் ஆஸ்லாக்.

அப்படியே பதிவாயிற்று. பின்பு இழுவலைக் கப்பல் ஒன்று அவ்வழியே போயிற்று. அது எந்த விதியையும் மீறவில்லை.

அதன் பிறகு தூண்டிலில் வந்தவை செத்த பவளத்தின் சாம்பல் நிறச் சுள்ளிகள். ஆஸ்லாக் அவற்றை வீசாமல் சமையலறைச் சன்னலில் அடுக்கினார். குட்வெய்க் தூசி தட்டும்போதும் இடம் மாற்றமாட்டார். ஹால்வார்ட் மறுபடி அங்கே வரவேயில்லை. சாகும்போதும், "யார்கிட்டயும் சொல்லாத" என்றுதான் சொன்னார்.

சென்ற மாதம் பாறையின் தெற்குச் சரிவில் தூண்டில் ஒரு பவளக் கிளையை முறித்துக்கொண்டு வந்தது. வெள்ளைக் கிளை, தொட்டதும் நுனியில் வெளிர்சிவப்பாக உயிர் சுருங்கியது. ஒரு பக்கம் பிழைத்திருக்கிறது! அன்றிலிருந்து ஆஸ்லாக் அங்கே தூண்டில் இறக்கவில்லை.

இந்த வாரம் வரைபடத்தைத் திருத்துகிறார்கள். ஆய்வுக் கப்பலிலிருந்து வந்த இங்குன் என்ற பெண், மன்றத்து மேசையில் அதை விரித்துவைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு தோர்கில்ஸ் கழுத்தை நீட்டினார்.

"என்னய்யா ஆஸ்லாக், இன்னும் சேறுதானா? சேத்துலயா இவ்ளோ கொழுத்த மீனு புடிச்சீங்க அண்ணனும் தம்பியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். குட்வெய்க் சிரிக்கவில்லை. "அந்தக் கப்பல் மறுபடி வரும்," என்றார் மெல்ல. "அப்ப நெஜமாவே சேறாயிடும்."

ஆஸ்லாக் வரைபடத்தின்மேல் குனிந்தார். "அண்ணன் கோவிச்சுக்குவாரு," என்று முணுமுணுத்தார். பிறகு, "கிட்ட வாம்மா," என்று இங்குனை அழைத்து, வலது கட்டைவிரலை அந்த வெற்று நீலத்தில் அழுத்தி வைத்தார். இடது உள்ளங்கையைக் குவித்து, தோர்கில்ஸின் கண்ணில் படாதபடி அந்த விரலை மூடிக்கொண்டார்.