சிவலிங்கம் அண்ணனின் வாளிச் சத்தம்

சிவலிங்கம் அண்ணன் போய்விட்டார் என்று யாழ்ப்பாணத்திலிருந்து அவர் மகள் போன் செய்தாள். அபுதாபி பக்கம் அல் ஐன் தோட்டத்தில் நம்மோடு வேலை பார்த்தவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில், நம் விசாவைக் கையில் வைத்திருந்த அரபு முதலாளியான கஃபீல், அமெரிக்கா போய்வந்த ஆசையில் தோட்டத்தில் குளம் வெட்டி, பாஸ் என்கிற அந்த நாட்டு மீனின் குஞ்சுகளை விமானத்தில் வரவழைத்தார். துடிக்கிற இரையைத் தவிர வேறெதையும் தொடாத மீன். அண்ணன் மத்தி மீனை அரைத்துத் தீவனத்தோடு பிசைந்து, வாளியைத் தட்டித் தட்டிப் போட்டு, அவற்றை உருண்டை தின்னப் பழக்கினார். வெயில் ஏறுமுன் தீனி முடிந்துவிடும். சத்தம் கேட்டதும் குளமே அவர் காலடிக்கு வரும். கஃபீல் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுவார்.

அந்தக் கெட்டிக்காரத்தனமே வினையானது. வேறு யார் தட்டினாலும் மீன்கள் அசையவில்லை. லீவு கேட்டபோதெல்லாம் கஃபீல் சிரித்துக்கொண்டே, மீன் பட்டினி கிடக்கும், லீவு மாஃபி, கிடையாது என்பார். பாஸ்போர்ட் அவர் பெட்டியில். ஊரில் சண்டை, மனைவியும் கைக்குழந்தையும் எந்த வீட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்றுகூட அண்ணனுக்குத் தெரியாது.

"எனக்கு நானே வேலி அடைச்சுப்போட்டன் தம்பி" என்றார் ஒருநாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குளத்தில் விஷத்தைக் கலந்துவிடலாம் என்றேன். அதற்காகச் சில நாள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மீன் என்ன செய்யும் பாவம் என்பது அவர் கட்சி.

பிறகு அவரே வழி கண்டார். டிரைவரான என்னைத் தினமும் பக்கத்தில் நிறுத்தினார். முதலில் சும்மா நிற்க, அப்புறம் வாளியைப் பிடிக்க. கடைசியில் அவர் ஈச்சமரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள, நான் தட்டினேன். மீன்கள் வந்தன. அதைக் கண்ட கஃபீல் அண்ணனுக்குப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவன் திரும்பும்வரை நீ அசையக்கூடாது என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

போன மனிதன் திரும்புவானா என்று கேம்ப் முழுக்கக் கேலி. நானாக இருந்தால் திரும்பியிருக்கமாட்டேன். விடியற்காலையில் வாளியைத் தட்டும்போதெல்லாம் அழுகை வரும்.

லீவு முடிந்து அண்ணன் வந்தார். மனைவி காலைக் கட்டிக்கொண்டு தடுத்தாராம். ஏன் வந்தீர்கள் என்றேன்.

"நான் வராட்டி நீ எப்பிடி வீட்டை போவாய்?" என்று வாளியை வாங்கிக்கொண்டார்.

அதனால் எனக்குக் கிடைத்த லீவில்தான் என் கல்யாணம் நடந்தது. இன்று என் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அவர் திரும்பி வந்ததால் இருப்பவர்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த வீடு.