சடையில் வைத்த பூ

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். என் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கண்ட கண்ட சாமானைப் பொறுக்கி ஒட்டி, அலங்காரப் பெட்டிகளாகச் செய்து அலமாரியை அடைத்துவிட்டேன் என்று வீட்டில் ஏச்சு வேறு. இருந்தாலும், தின்று தீர்த்த பால்கோவாவின் அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, அதற்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒட்டுகிறேன். காலையில் ராஜபாளையத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த படம் அது. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், ஸ்டூடியோ நாற்காலியைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். நசுங்கிய சோடா மூடி ஒன்றை அவள் தலைக்கு மேல் நிலாவாக ஒட்டுகிறேன். மில் வாசலில் பொறுக்கிய நூலை முறுக்கிப் பசை தடவி, படத்தைச் சுற்றி வளைக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

பக்கத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருக்கும் பூக்காரம்மா எட்டிப் பார்க்கிறார். குரலைத் தணித்துக்கொண்டு, "அக்கா, அவிய தவறி எம்புட்டு நாளாச்சு?" என்கிறார்.

"யாருன்னே தெரியலைம்மா. கடையில கெடைச்ச படம்."

"பொறவு எதுக்கு மாலையப் போட்டு வச்சிருக்கீங்க? எங்கயாச்சும் பேரன் பேத்தி எடுத்து நல்லா இருப்பா!"

அப்போதுதான் அந்த நூல் எனக்கும் மாலையாகத் தெரிகிறது. பசை காய்வதற்குள் அவசரமாக உரித்தெடுக்கிறேன். அவர் சரத்திலிருந்து இரண்டு பூவைக் கிள்ளி, படத்திலுள்ள பெண்ணின் சடைமேல் வைக்கிறார்.

"சாயங்காலத்துக்குள்ள வாடிருமே" என்கிறேன்.

"வாடட்டும். நாளைக்கு வேற வச்சுக்கிடுவா."