பெண்கள் அறையில் இரண்டு ஆயாக்கள்

ஐம்பதுகளின் நடுவில் நான் திருச்சியில் ஒரு கிளப்பில் ஆயாவாக இருந்தேன். ரயில்வே அதிகாரிகளும் ஜில்லா அதிகாரிகளும் சாயங்காலம் வந்து டென்னிஸும் சீட்டும் ஆடிவிட்டுப் போகிற இடம். கூட வருகிற பெண்கள் முகம் கழுவ, உடை மாற்ற ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அந்த அறைக்கு நான்தான் அதிகாரி. துண்டு எடுத்துக் கொடுப்பேன், கொண்டை சரிந்தால் ஊசி குத்துவேன், ஓரம் பிரிந்தால் தைத்துவிடுவேன். தையல் எனக்குக் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் வந்தது. வீடு பாலக்கரையில், மாதா கோயிலுக்குப் பின்னால். கணவர் மலாயாவுக்குப் போனவர். முதல் வருஷம் கடிதம் போட்டார். பிறகு அவருக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதாக ஊர் திரும்பிய ஒருவர் சொன்னார். அழுதேன், முடித்தேன், வேலைக்குக் கிளம்பினேன்.

அந்த அறையில் சில வருஷம் நின்றால் மனிதர்கள் மேல் யாருக்கும் பெரிய மரியாதை மிஞ்சாது. வெளியே கைகோத்துக்கொண்டு நடப்பவர்கள் உள்ளே வந்ததும் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நான் நிற்பது எவருக்கும் உறைக்காது. வாஷ்பேசின் நிற்கிறது, நானும் நிற்கிறேன். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று எல்லோரிடமும் சொல்வேன், எல்லோரும் நம்புவார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும். அதிலும் ஜமீன் போன ஜமீன்தார்களைக் கண்டால் சிரிப்பை அடக்குவது சிரமம். நிலமெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகும் இடுப்பில் வாள் தொங்குவது போலவே நடப்பார்கள்.

ஒரு வருஷம், கடைசியாக மிச்சமிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குக் கிளம்பினார். அவர் மனைவிக்கு ஓர் ஆசை. விக்டோரியா ராணி காலத்து உடையில் எல்லோரும் வந்து ஒரு நடனம் ஆடி வழியனுப்ப வேண்டும். ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. பொன்மலை ரயில்வே காலனியில் ஆங்கிலோ-இந்தியத் தையல்காரர்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. பாவாடை குடை மாதிரி விரிந்து நிற்கப் பிரம்பு வளையம் வேண்டும் என்று தெரிந்ததும், திருவானைக்காவலில் கூடை முடைகிறவர்களிடம் ஆள் அனுப்பினார்கள். கூடை கேட்காமல் வெறும் வளையமாகக் கேட்கிறார்களே, எந்தச் சாமிக்கு என்று அவர்கள் கேட்டார்களாம்.

நடனம் ஒரு சனிக்கிழமை விளக்கு வைத்ததும் ஆரம்பமானது. பொன்மலையிலிருந்து வந்த பேண்டு வாத்தியம், மர மேடையில் செருப்புகளின் உரசல், ஒரே சென்ட் வாசனை. என் அறைக்குள் பிரம்புப் பாவாடையோடு நுழைய முடியாமல் எல்லோரும் பக்கவாட்டில் நண்டு போல வந்தார்கள்.

அப்போதுதான் அவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம், கரும்பச்சைப் பட்டில் கவுன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஜமீனின் மகள். அரண்மனையைப் பூட்டிவிட்டு அண்ணனும் அவரும் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீட்டில் இருந்தார்கள். வேறொரு ஜமீனுக்குக் கல்யாணம் செய்து கொடுத்து, இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவர் என்று ஊருக்குத் தெரியும். அண்ணன் ஒரு பஸ் ரூட்டுக்கு லைசென்ஸ் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். அதிகாரிகள் கண்ணில் பட வேண்டும் என்று தங்கையையும் அழைத்து வந்திருந்தார்.

யாரோ பின்னாலிருந்து மிதித்ததில் கவுன் இடுப்பிலிருந்து முழம் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வெளியே பெண்கள் சிரித்தது எனக்கே கேட்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஊசி நூல் இருக்கா?" என்றார்.

"இருக்கும்மா. திரும்பி நில்லுங்க, நான் போட்டுடறேன். ரொம்ப அழகான கவுனும்மா" என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

"அழகு இருக்கட்டும். இதை நின்னுக்கிட்டே தைச்சா சுருக்கம் விழும். கழட்டணும். கட்டிக்க ஏதாவது இருக்கா?"

என்னிடம் இருந்தது கிளப்பில் ஆயாக்களுக்குக் கொடுக்கும் வெள்ளைச் சேலை, மாற்றுக்கு வைத்திருந்தது. கொஞ்சம் வேடிக்கை பார்க்கலாமே என்றுதான் நீட்டினேன். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கவுனை மடியில் இழுத்துப்போட்டார். நான் ஊசி கோத்ததும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"மெட்ராஸ்ல தைச்சதாம்மா?" என்று கேட்டேன்.

"நான் தைச்சது. அரண்மனையில வாசல் திரையா தொங்கிச்சு, வெட்டிட்டேன்."

நம்பவில்லை. நான் பார்க்காத பொய்யா? ஆனால் அவர் கை ஓடியதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். துணியின் உள்பக்கமிருந்து, இழை தெரியாமல், அவசரமே இல்லாமல் ஊசி போய் வந்தது. நான் நன்றாகத் தைப்பவள்தான். அது வேறு ரகம்.

"யாரு கத்துக் கொடுத்தாங்க?"

"கத்துக்க என்ன இருக்கு? அந்த வீட்ல எனக்குப் பொழுது போகணுமே" என்றார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நுழைந்தாள். பொன்மலை இன்ஜினியர் ஒருவரின் மனைவி, ஆங்கிலோ-இந்தியப் பெண், குரல் கொஞ்சம் பெரிது. வெள்ளைச் சேலையில் இரண்டு பேர். ஒருத்தி நிற்கிறாள், ஒருத்தி உதட்டில் குண்டூசிகளோடு தரையில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டும் ஆயாதான்.

"ஏய், நீ! அது அப்புறம் பண்ணு. என் ஸ்லீவ் பாரு, தூக்கிக்கிட்டு நிக்குது. குயிக்!"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கண்ணாலேயே தடுத்தார். எழுந்தார். அந்தப் பெண்ணைச் சுற்றி ஒரு தடவை வந்தார். தோள்பட்டையில் தையலைப் பிரித்து, துணியை விரலால் ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி தைத்தார். அந்தப் பெண் கண்ணாடியில் பார்த்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள்.

"மை காட்! மூணு டெய்லர் பார்த்தான், ஒருத்தனுக்கும் வரலை. நீ எங்க ஒர்க் பண்றே?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பாலக்கரையிலம்மா" என்றேன் நான். எப்படி வந்தது என்று தெரியாது, வாய் சொல்லிவிட்டது. "ரெண்டு பேருமா தைக்கிறோம்."

"மண்டே என் பங்களாவுக்கு வாங்க. நாலு ஃபிராக் இருக்கு, எல்லாமே வீணாப் போச்சு."

அவள் போனாள். இப்போது நன்றாகத் திட்டு வாங்கப்போகிறோம் என்று நின்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்குடி" என்றார்.

"விளையாட்டா சொல்லிட்டேம்மா, மன்னிச்சுக்குங்க."

"விளையாட்டு இல்ல. திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்?"

"அம்மா, நீங்க போகமாட்டீங்க" என்றேன். என் அனுபவத்தில் பெரிய இடத்து ஆசைகளுக்கு மறுநாள் காலை வரைதான் ஆயுசு. "இன்னைக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு, சொல்றீங்க. நாளைக்கு வீட்டுக் காபி குடிச்சா சரியாப் போயிடும். நான்தான் அங்க போய் முழிச்சுக்கிட்டு நிக்கணும்."

இப்படி ஓர் ஆயா பேசி அவர் கேட்டிருக்கமாட்டார். பாதியில் விட்ட கவுனை எடுத்துத் தைத்து முடித்து, நூலைக் கடித்தார்.

"எனக்குத் தனியா பஸ்ல ஏறத் தெரியாது. அது ஒண்ணுதான் பயம். நீ ஸ்ரீரங்கம் வந்து கூட்டிட்டுப் போறியா?"

கவுனை மாட்டிக்கொண்டு அவர் வெளியே போனபோது சிரித்தவர்கள் எல்லோரும் வழிவிட்டார்கள்.

திங்கட்கிழமை போனேன். வரமாட்டார் என்று நூற்றுக்கு நூறு நிச்சயமாக நினைத்துத்தான் போனேன். சித்திரை வீதி முனையில் சாதாரணச் சுங்குடிச் சேலையில், காதில் தோடுகூட இல்லாமல், ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் கூட்டம். யாரோ ஒரு கோழிக்கூடையை அவர் காலருகே வைத்தார்கள். காவேரிப் பாலம் தாண்டுகிற வரை அவர் என் கையை விடவில்லை. பாலம் தாண்டியதும் விட்டார். பிறகு பிடிக்கவே இல்லை.

அந்த நாலு ஃபிராக்கில் ஆரம்பித்தது. பொன்மலைக் காலனியில் ஒருத்தி சொன்னால் தெருவே கேட்கும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் என் வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. நான் ஆயா வேலையை விட்டேன். பாலக்கரைக் கடைத்தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்தோம். வெட்டுவதும் அளவும் அவர். வருபவர்களைச் சமாளிப்பதும், மெஷினும், அவசரக்காரர்களை விரட்டுவதும் நான். ஆரம்பத்திலேயே ஒன்று சொன்னேன்.

"அம்மா, கடையில என்னை நீ, வாடின்னு கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிட்டா வர்றவங்களும் கூப்பிடுவாங்க."

அவர் யோசித்தார். "சரிங்க" என்றார். அன்று முதல் கடையில் 'நீங்க'தான். கோபம் வந்தால் மட்டும் 'நீ' திரும்பி வரும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

அண்ணனுக்கு விஷயம் எட்ட ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு பகல் வேளை கடை வாசலில் பெரிய கார் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்து, "ஐயா கூப்பிடறாங்க" என்றார்.

"அளவு எடுத்துட்டிருக்கேன். உள்ள வந்து உட்காரச் சொல்லு" என்றார் அவர், கழுத்தில் டேப்போடு.

அண்ணன் வந்தார், உட்காரவில்லை. நல்ல மனிதர்தான், சத்தம் போடத் தெரியாது. தணிந்த குரலில் கேட்டார். "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

"ஒண்ணும் வெக்கலை அண்ணா."

"அப்புறம் எதுக்கு இது? ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா?"

"தெரியும். பட்டன் ஓட்டை நல்லா வருதுன்னு பேசறாங்க."

நான் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அண்ணன் வாசல் பக்கம் போய்ப் போர்டை அண்ணாந்து பார்த்தார். அதில் வெறும் 'மகளிர் தையலகம்' என்றுதான் இருந்தது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நம்ம பேரு போடலை இல்ல? அதுவரைக்கும் நல்லது. தைக்கிறதுன்னா தைச்சுக்கோ. பேரு மட்டும் வெளிய வரவேண்டாம்."

அவர் போனார். தங்கை தைப்பதில் அவருக்கு வருத்தமில்லை, தெரிவதில்தான் வருத்தம். எனக்கு இது புதிதில்லை. அந்தக் கிளப் அறையில் நான் பார்த்தவர்கள் எல்லோரும் இதே ஜாதிதான். ஆனால் தங்கை கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை நான் கடைக்கு வந்தபோது ஏணி மேல் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். ஜமீன் பெயர், அவர் பெயர், பக்கத்தில் என் பெயர், மூன்றும் ஒரே அளவு எழுத்தில். கீழே அவர் நின்று, "அந்த 'ழ'வைக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கும்மா வம்பு?" என்றேன்.

"நேத்து வரைக்கும் எனக்குத் தோணலைங்க. போடாதேன்னு அவர் சொன்னப்புறம்தான் போடணும்னு தோணிச்சு."

அண்ணன் சில வருஷம் பேசவில்லை. பஸ் லைசென்ஸும் கிடைக்கவில்லை. அதற்கும் எங்கள் போர்டுக்கும் சம்பந்தமில்லை. அண்ணனின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தபோது அண்ணி சத்தமில்லாமல் வந்து இறங்கினார், கை நிறையப் பட்டு ஜாக்கெட் துணிகளோடு. தங்கை ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. நான் பேசியிருப்பேன். அதனால் என்னைப் பூ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்.

அறுபதுகளில் கவுன் குறைந்து நைலான் பாவாடையும் தாவணியுமாக ஆனபோது எங்களுக்குள் பெரிய சண்டை. அவருக்குப் புதிய துணிகள் பிடிக்காது, வழுக்குகிறது என்பார். வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும் என்பேன் நான். ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். எட்டாம் நாள் அவரே நைலக்ஸ் துணியில் ஒரு தாவணிச் செட் வெட்டி என் மேஜை மேல் போட்டார். "வழுக்குது. ஆனா வரும்" என்றார். அந்தத் தீபாவளிக்கு அதே மாதிரி தைத்துத் தைத்து மெஷின் பெல்ட் இரண்டு தடவை அறுந்தது.

நான் மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பெரிய இடத்து மனிதர்களைப் பற்றி என் அபிப்பிராயம் இன்றைக்கும் அதேதான், காரணம் தினமும் கிடைக்கிறது. அவர் ஒருத்தரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடை ஆரம்பித்த நாளிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. நான் காலைப் பூசை முடித்துவிட்டு மெயின்கார்டுகேட் பக்கம் வருவேன். அவர் பெருமாளைச் சேவித்துவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வந்து இறங்குவார். அங்கே ஒரு ஹோட்டலில் பெண்கள் உட்காரத் தடுப்பு வைத்த இடம் இருந்தது. ஹோட்டலில் சாப்பிடுவதை அவர் வீட்டில் கேள்விப்பட்டால் அவரையே தலைமுழுகியிருப்பார்கள். முதல் தடவை சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது அவருக்கு வாய் வரவில்லை, என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு ரவா தோசை. முறுகலா இருக்கணும்" என்றார். சர்வர் போகத் திரும்பியதும் மறுபடி கூப்பிட்டார். "இவங்களுக்குக் காபி ஸ்ட்ராங்கா வேணும். எனக்குச் சர்க்கரை கம்மி."