பேர் வெட்டுபவர்

செத்தவர் பெயரை மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு நல்லமுத்து புதைத்த மண்மேட்டின் மீது குனிந்து வலது காதைத் தரையோடு சேர்த்து வைப்பார். கண்கள் மூடியிருக்கும். உதடுகள் மட்டும் ஒன்று முதல் முப்பது வரை எண்ணும். பிறகு எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் காற்றில் குறுக்காக ஒரு கோடு இழுப்பார். "பேரு வெட்டியாச்சு. இனிப் பெரட்டு இல்ல" என்பார். அவ்வளவுதான். கற்பூரமும் மந்திரமும் பண்டாரத்தின் பொறுப்பு. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பதினாறாம் நாள் கருமாதிக்கு நல்லமுத்து வராவிட்டால் செத்த வீட்டாருக்குச் சோறு இறங்காது.

முப்பத்திரண்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, தோட்டத்துப் பெயர்ப் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பதில் சொன்னவரை இன்ன மலைக்குக் கொழுந்தெடுக்கப் போ என்று அனுப்புவார். யாராவது செத்தால் அந்தப் பெயரைச் சிவப்புப் பென்சிலால் வெட்டுவதும் அவர்தான். ஓய்வு பெற்றபோது புத்தகத்தை ஒப்படைத்தார். பென்சிலை யாரும் கேட்கவில்லை.

அவருடைய வேதாந்தம் முழுவதும் அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது. கடவுளுக்குப் பெயர் இல்லை, உருவம் இல்லை. முருகன், மாரி, முனி என்று நாம்தான் பதிந்து வைத்திருக்கிறோம். பெயர் உள்ள உயிர் விடிந்தால் பெரட்டுக்கு வந்தே ஆக வேண்டும். வேறு உடம்பு, வேறு மலை, அதே வேலை. பெயர் வெட்டுப்பட்டால் வர வேண்டியதில்லை. அதற்குப் பேர்தான் முக்தி.

தன் முக்திக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே திரும்புவதில்லை. முதலில் மூன்றாவது கூப்பாட்டுக்குத் திரும்பினார். இப்போது ஐந்தாவதற்கு.

"செவிடுன்னு நெனச்சிராதீங்க தம்பி" என்றார் அவர் மனைவி, தாயின் கருமாதிக்குப் பதினைந்தாம் நாள் பிற்பகல் அழைக்கப் போன யோகேஸ்வரனிடம். "பேரச் சொன்னாத் திரும்ப மாட்டாரு. சோறுன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த பிறவியிலருந்துகூட ஓடி வருவாரு."

நல்லமுத்து கோபப்படவில்லை. "பேரக் கூப்பிட்டதும் கழுத்து தானா திரும்புது பாருங்க தம்பி. அந்தத் திரும்புறதுதான் பிறவி" என்றார்.

யோகேஸ்வரன் கொழும்பில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். தாய் காளியாயி இறந்ததிலிருந்து தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவளுடைய அறையில் தனியாகத் தங்கியிருந்தான். காலையில் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது. கழற்றிப் பார்த்தான். மரம் ஈரத்தில் உப்பியிருந்தது, திருகாணி தளர்ந்திருந்தது. இறுக்கினான். மறுநாளும் விலகியது. ஆளில்லாத லிஃப்ட்டும் சில நேரம் உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டும், அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனாலும் ஐந்தாம் நாளிலிருந்து சங்குக்கு முன்பே விழித்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

பதினாறாம் நாள் காலை, தேயிலைக்கு மேலே இருக்கும் இடுகாட்டில் பனி இறங்கியிருந்தது. பத்துப் பேர் நின்றார்கள். யாரும் இருமக்கூடாது, எந்தச் சத்தத்துக்கும் பதில் குரல் கொடுக்கக்கூடாது என்பது நல்லமுத்துவின் சட்டம். பெரட்டுக் களத்தில் கூப்பிடும் அதே ராகத்தில் கூப்பிட்டார்.

"காளியாயி."

மூன்று முறை. குனிந்தார். முப்பது எண்ண வேண்டியவர் ஆறில் எழுந்துவிட்டார். பென்சிலை எடுக்கவில்லை. யோகேஸ்வரனைத் தள்ளி அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஆளு இருந்து எந்திரிச்சுப் போன எடம் வேற தம்பி. ஆளே இல்லாத எடம் வேற. இந்தப் பேரு எப்பவோ வெட்டின பேரு. அம்மாவுக்கு வேற பேரு ஏதும் உண்டுங்களா?"

உண்மையில் காளியாயி என்பவள் யோகேஸ்வரனுடைய தாயின் அக்கா. பூண்டுலோயாவில் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்தவள். அதற்குப் பிறகுதான் குடும்பம் இந்தத் தோட்டத்துக்கு வந்தது. தாய்க்கு அப்போது பதினைந்து. வேலைக்குப் பதிய வயது போதாது என்று பாட்டனார் மூத்தவளின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டிப் பதிந்துவிட்டார். அன்றிலிருந்து பெரட்டில், அடையாள அட்டையில், மரண அறிவித்தலில் எல்லாம் அக்காவின் பெயர். தாயின் சொந்தப் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அதை அவள் மகனிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில், வெட்கப்பட்டுக்கொண்டு. இப்போது உலகத்தில் அந்தப் பெயர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சொன்னால் நல்லமுத்து திரும்பிப் போய் மூன்று முறை கூப்பிடுவார். முப்பது வரை எண்ணுவார். கோடு இழுப்பார். நாளைக் காலை தாழ்ப்பாள் விலகாது.

பெயர் தொண்டை வரை வந்தது. விழுங்கினான்.

"இல்லீங்க ஐயா. அந்தப் பேருதான்."

நல்லமுத்து அவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவன் தோளுக்குப் பின்னால், சற்றே தாழ்வாக, ஒரு குள்ளமான பெண்ணின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்தார். கூட்டத்துக்குத் திரும்பி, ஆயிற்று, புறப்படலாம் என்று மட்டும் சொன்னார். காற்றில் கோடு விழவில்லை என்பதைப் பனியில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இறங்கும் வழியில் முள்கம்பி வேலி ஒன்று உண்டு. நல்லமுத்து கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொருவராகக் குனிந்து தாண்டினார்கள். கடைசியாக யோகேஸ்வரன் தாண்டினான். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தான்.

நல்லமுத்து இன்னும் கம்பியை விடவில்லை. உடம்பை ஒதுக்கி, முந்தானை முள்ளில் சிக்காதபடி கம்பியை ஒரு சாண் உயர்த்திப் பிடித்து, சற்று நேரம் நின்றார். பிறகு சத்தமில்லாமல் கீழே விட்டார்.