நிறம் மட்டும்

"செங்கல் சிவப்பு" என்கிறார் டெல்வின், யாரும் கேட்காமலேயே. வண்டி அப்போது அவர் முன்பு குடித்துக் கிடந்த மதுக்கடையைக் கடக்கிறது. அதன் கதவு அந்த நிறம். அடுத்த முனையில் அவர் முன்பு சரக்கு வாங்கிய கார் கொட்டகை வருகிறது. "சாம்பல். கொஞ்சம் நீலம் கலந்தது." வண்டியோட்டும் யோலாண்டா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கால்வெஸ்டன் தீவில் மரவீடுகளுக்கு வண்ணம் பூசும் கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி. புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "அது அவரோட ஜெபம். கண்டுக்காதீங்க."

டெல்வினுக்கு ஐம்பது வயதிருக்கும். பட்டி தேய்த்த தூளில் மூக்கும் புருவமும் வெளுத்த முகத்தோடுதான் இறால் பொரித்து வைத்த ரொட்டியைத் தின்பார். கொக்கெய்னை விட்ட மனிதர் வெள்ளைத் தூளில் குளிக்கிறாரே என்று கேட்டால் சிரிப்பு வரும் அவருக்கு. "தூளு என்னய்யா பண்ணும்? ஆளுங்கதான் பண்றாங்க."

நிறம் சொல்லும் பழக்கம் ஆஸ்பத்திரியில் தொற்றியது. போதையை விட்டவர்களை வைத்து அங்கே ஓர் ஆராய்ச்சி. திரையில் ஒரு சொல் தோன்றும். அதைப் படிக்கக் கூடாது. எழுத்தின் நிறத்துக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். நாற்காலி, மேசை என்று வந்தபோது டெல்வினின் விரல் பறந்தது. போதைச் சொற்கள் வந்தபோது அப்படியே நின்றுபோனது.

"அது சிவப்பே இல்லம்மா, துரு நிறம். அதுக்குப் பொத்தான் இல்லியே, அதான் யோசிச்சேன்" என்று சமாளித்துப் பார்த்தார். ஆராய்ச்சி நடத்திய டாக்டரம்மா விடவில்லை. மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பல வகை. ஒரு வகை ஆசையைக் கிளறிவிடும், இன்னொன்று அடக்கும். பழைய அடையாளம் கண்ணில் பட்டால் சிலருக்கு அடக்குகிற வகை கைவிட்டுவிடுகிறது போலும் என்றாள். அதைச் சரிசெய்ய எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாம்.

"எலிக்கு யோகம்!" என்பார் டெல்வின். "எனக்கு ஆக்சிலேட்டர் ஜோரு, பிரேக்குதான் வீக்கு. மருந்து வர்ற வரைக்கும் படிக்கக் கூடாது, நிறத்தை மட்டும் சொல்லணும். அவ்வளவுதான்."

விட்ட பிறகு இரண்டு முறை மறுபடியும் போதையில் விழுந்திருக்கிறார். இரண்டு முறையும் காரணம், ஒரு காலத்தில் கூடவே தூள் இழுத்த அண்ணன் கார்னெல். "அவன் கையில ஒண்ணும் இல்ல. 'எப்படிடா இருக்கே'ன்னுதான் கேட்டான். அவன் மூஞ்சியப் பாத்ததுமே எனக்கு நாக்கு ஊறிடுச்சு." இரண்டாம் முறை நெஞ்சு நின்றே போய், மின்சாரம் வைத்துத்தான் மீட்டார்கள். இன்னொரு தடவை என்றால் இதயம் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சிறுவயதில் அவரைத் தோளில் சுமந்து கடல் காட்டியவன் கார்னெல். அந்த அன்பு குறையவே இல்லை, சங்கடமே அதுதான்.

போன வெள்ளிக்கிழமை கடலோர வீடு ஒன்றில் ஏணி உச்சியில் இருந்தார். கீழே ஒரு குரல்.

"டேய் தம்பி! எப்படிடா இருக்கே?"

டெல்வின் குனிந்து பார்த்தார். இளைத்துப்போன அண்ணன், தொளதொளவென்று ஒரு சட்டை.

"பச்சை" என்றார் டெல்வின். கண்ணை அந்தச் சட்டையிலேயே வைத்திருந்தார். "வெளுத்த பச்சை."

"என்னடா உளர்றே? அண்ணன்டா. எறங்கி வா."

"வெளுத்த பச்சை" என்றார் மறுபடியும், இப்போது சுவரைப் பார்த்து.

கார்னெல் திரும்பிப் போய்விட்டான். யோலாண்டா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மேலே டெல்வின், பூசி முடித்த பலகையின் மேலேயே தூரிகையை இழுத்துக்கொண்டிருந்தார். தூரிகை காய்ந்திருந்தது.